தேர் முழுசாக இருக்கிறது, திருவிழாவைக் காணோம்

கேள்வி: திருவாரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் வெளிநாடு போகும்போது தன்னுடைய பழைய கேனான் கேமராவை, அதோடு வந்த 18-55 லென்ஸுடன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடமாக அதிலும் செல்போனிலும் மாற்றி மாற்றி எடுக்கிறேன். படங்கள் தெளிவாக இருக்கின்றன, நிறமும் நன்றாக வருகிறது. ஆனால் வீட்டில் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லி அடுத்ததுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கே இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றவில்லை. ஆழித் தேர், பூக்கட்டும் பாட்டி, தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் என்று மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்? 50 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? மூன்றில் ஒரு பங்கு விதியைக் கூடப் பின்பற்றிப் பார்த்துவிட்டேன்.

- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: லென்ஸ் வாங்காதீர்கள். அடுத்த பங்குனி வரைக்குமாவது வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மூன்று படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸும் நிறமும் நீங்கள் சொன்னபடியே சரியாக இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் கண்ணுக்கு எட்டிய அத்தனையையும் உள்ளே விட்டிருக்கிறீர்கள். பார்க்கிறவருக்கு எதைப் பார்ப்பது என்று பிடிபடவில்லை, தள்ளிவிட்டுப் போகிறார்.

தேர் படத்தை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு மாடியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உச்சிக் கலசம் முதல் சக்கரம் வரை தேர் முழுசாக இருக்கிறது. இடது பக்கம் கேபிள் வயர், வலது பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம், மேலே வெளுத்துப்போன வானம், கீழே எறும்பு அளவில் ஜனம். அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம் என்று சொல்லப்படும் தேர் அது. அதை முழுதாக உள்ளே அடக்கியதால்தான் அது பொம்மைத் தேராகிவிட்டது. பெரிய பொருளின் பருமன் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளால்தான் தெரியும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்கிற ஒரு ஆள், அவர் தலைக்கு மேலே சக்கரத்தின் ஒரு துண்டு, அதற்கும் மேலே தொம்பைகள் தொங்கும் விளிம்பு. இவ்வளவு போதும். மிச்சமுள்ள உயரத்தைப் பார்க்கிறவர் தானே கட்டிக்கொள்வார்.

அன்று மாடியில் நின்றபோது எதைப் பார்த்து கேமராவை எடுத்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். தேரின் உயரம் உங்களுக்குப் புதிதில்லை, சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். வடம் விறைத்து, ஜனம் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து, "ஆரூரா, தியாகேசா" என்று சத்தம் கிளம்பி, தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்கிறதே, அந்த நேரமாக இருக்கலாம். அப்படியென்றால் படம் வடத்தில் இருக்கிறது. கீழே இறங்கி, லென்ஸை 18-ல் வைத்து, வடம் பிடித்த கைகளுக்குப் பக்கத்தில் போய்விடுங்கள். முன்னால் நரம்பு புடைத்த கைகள் பெரிதாக வரும், தேர் பின்னால் எழும்பி நிற்கும். இல்லை, உங்களை நிறுத்தியது வீதி முனையில் தேர் திரும்பும்போது சோர்ந்துபோய் நீர்மோர் குடிக்கும் ஆட்கள் என்றால், தேரே படத்தில் வேண்டியதில்லை. அவர்கள் மேல் விழும் அதன் நிழல் போதும். எதைக் கண்டு நின்றோம் என்பதை வாய்விட்டு ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த வரியில் வராத எதையும் ஃப்ரேமுக்குள் விடாமல் இருப்பதுதான் நான் தரும் ஒரே விதி.

ஒரு எச்சரிக்கை. தேர் போகும் பாதையில் சக்கரத்துக்கு முன்னால் எந்தப் படத்துக்காகவும் நிற்காதீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்களும் போலீஸும் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள்.

இப்போது பாட்டி. மூன்றில் நல்ல படமாகியிருக்க வேண்டியது இதுதான். கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் டிவி, நாள்காட்டி, உறை போட்ட வாஷிங் மெஷின். ஃபிளாஷ் அடித்ததால் நெற்றி பளபளக்கிறது, பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சிரிக்கச் சொல்லியிருக்கிறீர்கள், அவரும் சிரித்து வைத்திருக்கிறார். ஆனால் கீழே ஓரத்தைப் பாருங்கள். கால் கட்டைவிரலில் நாரை மாட்டி, இழுத்துப் பிடித்து, மல்லிகை அரும்புகளை எதிரும் புதிருமாக வைத்து முடிச்சுப் போடுகிறார். இந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது! அந்தக் கட்டைவிரல் உங்கள் படத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். பாட்டியை வாசல் பக்கம், நிலைப்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி, உடம்பின் ஒரு பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி உட்காரச் சொல்லுங்கள். திண்ணை இருந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கையின் சுருக்கமும் அரும்பின் உருண்டையும் தனித்தனியாகத் தெரியும். ஃபிளாஷ் நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது. பிறகு நீங்கள் தரையில் உட்காருங்கள். உங்கள் லென்ஸ் ஏறக்குறைய ஓர் அடி தூரம் வரை நெருங்கினாலும் ஃபோகஸ் பிடிக்கும். விரல், நார், அரும்பு மட்டும் வரும்படி சில படம். கைகளோடு குனிந்த முகம் வரும்படி சில படம். போஸ் எல்லாம் வேண்டாம், வேலையைச் செய்யட்டும். யாருக்காகக் கட்டுகிறார் என்று கேளுங்கள், கல்யாணத்துக்குக் கட்டின பூவைப் பற்றிக் கேளுங்கள். முதல் சில நிமிடம் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு மறந்துவிடுவார். செல்போனில் எடுத்தால் மூஞ்சிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், அகன்ற லென்ஸ் என்பதால் மூக்கு பெருத்துத் தெரியும். ஓரடி பின்னால் வந்து 2எக்ஸ் போடுங்கள். எடுப்பதற்கு முன் போனின் லென்ஸைத் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எந்த வெளிச்சமும் புகை மூட்டமாகத்தான் வரும்.

நெருங்குவது என்றால் என்ன என்பதற்குப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கேயின் படத்தைச் சொல்லலாம். 1936-ல், அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தார். பாடப்புத்தகங்களில்கூட வரும் படம். அன்று அவர் எடுத்தது அந்த ஒன்றை மட்டுமில்லை. முந்தைய ஃப்ரேம்களில் கந்தல் கூடாரம் முழுசாகத் தெரிகிறது. அந்தக் குடும்பம் அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. வறுமை என்று தெரிகிறது, அவ்வளவுதான். பிறகு நெருங்குகிறார். புகழ்பெற்ற படத்தில் கூடாரம் இருக்கும் இடமே தெரியாது. தாயின் முகம், கன்னத்தைத் தொடும் கை, தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் தெரிந்திருந்தால் நம் கண் மூன்றாகப் பிரிந்திருக்கும். மற்ற ஃப்ரேம்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். என் கணக்கில், புகழ்பெற்ற படத்தைவிட அதற்கு முந்தைய சாதாரணப் படங்கள்தான் கற்றுக்கொள்கிறவருக்கு அதிகம் சொல்லித்தரும்.

லென்ஸ் விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டும். 50 எம்எம் எஃப் 1.8 நல்ல லென்ஸ்தான். உங்கள் லென்ஸ் 55-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் 50 எம்எம் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும், பின்னணியையும் மங்கலாக்கிவிடும். சிக்கல் அந்த மங்கலில்தான் இருக்கிறது. டிவியையும் வாஷிங் மெஷினையும் அது கரைத்துவிடும், நீங்களும் பின்னணியைப் பார்க்கும் பழக்கத்துக்கு வரவே மாட்டீர்கள். மேலும், உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 50 எம்எம் அதில் 80 எம்எம் போலக் குறுகலாகத் தெரியும். நம்முடைய சின்ன அறைகளில் முதுகு சுவரில் முட்டும். ஆசை விடவில்லை என்றால் இப்போதுள்ள லென்ஸை ஏறக்குறைய 50-ல் வைத்து, ஜூம் வளையத்தின் மேல் ஒரு செல்லோடேப்பை ஒட்டி, ஒரு மாதம் ஜூமைத் திருப்பாமல் எடுங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது வேறு மாதிரி. தேர் படத்தை உச்சிவேளையில் எடுத்திருக்கிறீர்கள். பங்குனி, சித்திரையில் திருவாரூரில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் கறுப்புக் குழியாகிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதிய புத்தகங்கள் மாலைப் பொன்வெளிச்சத்தை நிதானமாக அனுபவிக்கச் சொல்லும். அங்கே கோடையில் சூரியன் சரிந்து சரிந்து இறங்கும், நேரம் கிடைக்கும். நமக்கோ அது நேராகக் கீழே விழும். மறைவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான் நம் கணக்கு, அதிலும் கடைசி இருபது நிமிடம்தான் சாரம். ஆகவே இடத்தை முன்பே பார்த்து வைத்துவிட வேண்டும். வெளிச்சம் வந்தபிறகு இடம் தேடினால் இருட்டிவிடும். காலையில் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

மதியம்தான் வேலை என்றால் நிழலுக்குப் போங்கள். மரத்தடியில் இலை நிழல் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும், அது வேண்டாம். எதிரில் வெள்ளைச் சுவர் இருக்கிற தெருவில் நிழல் பக்கமாக ஆளை நிறுத்தினால், அந்தச் சுவரே வெயிலை வாங்கி முகத்துக்குத் திருப்பித் தரும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கிடக்கும் நாட்களில் பலர் கேமராவைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முகங்களுக்கும் ஈரத் தெருவுக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, கேமரா தன் எதிரில் உள்ளது எல்லாம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ அதிகம் இருந்தால் மாநிற முகம் கறுத்துப்போகும். கேமராவில் எக்ஸ்போஷரை +1-க்குத் தள்ளுங்கள். செல்போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள்.

பிள்ளைகள் படத்தில் குறை வெளிப்படை. நின்றபடி கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள், உச்சந்தலைகள்தான் தெரிகின்றன. ஷட்டர் 1/60, அதனால் பேட்டும் காலும் கலங்கியிருக்கின்றன. மண்டியிடுங்கள். டயலை Tv என்று எழுதியிருக்கும் இடத்தில் வைத்து ஷட்டரை 1/500 ஆக்குங்கள், ஐஎஸ்ஓ 1600-க்குப் போனாலும் பரவாயில்லை. லேசான புள்ளிகளுக்காக எவரும் ஒரு நல்ல படத்தை வெறுத்ததில்லை. பந்தைத் துரத்தாமல் ஆட்டத்தைப் பாருங்கள். 'அவுட்டா இல்லையா' என்று சண்டை வரும், பந்து யார் வீட்டு மாடியிலாவது போய் விழும், எடுக்கப் போகிறவன் கேட் அருகே தயங்கி நிற்பான்.

இதற்கெல்லாம் பின்னணியை முதலில் பிடித்துவிட்டுக் காத்திருக்கலாம். புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932-ல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த சைக்கிள் படத்தைத் தேடிப் பாருங்கள். மேலேயிருந்து சுருண்டு இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் ஒரு கணத்தில் கடந்து போகும் சைக்கிள்காரர். படிக்கட்டு எங்கேயும் ஓடிவிடாது, சைக்கிள்தான் வர வேண்டும். உங்கள் தெருவிலும் உரிந்த நீலச் சுவரோ கோலம் போட்ட வாசலோ இருக்கும். கம்பமும் குப்பைத் தொட்டியும் இல்லாத ஒரு கோணத்தைப் பிடித்து, ஆட்டம் அங்கே வரும்வரை உட்காருங்கள். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டீர்கள் அல்லவா, அதுபோல பட்டனை அழுத்துமுன் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதி கேமராவுக்கும் மூத்தது. 1797-லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் கிராமப்புறக் காட்சிகளைப் பற்றிய புத்தகத்தில் எழுதிவிட்டார். ஃப்ரேமில் ஒரு பொருளை எங்கே வைப்பது என்று அது சொல்லும். எதை வைப்பது என்று சொல்லாது. உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது. திரையில் கிரிட் கோடு இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பாட்டியை நகர்த்த வேண்டாம்.

எடுத்தவற்றில் பத்துக்கு ஒன்றை மட்டும் காட்டுங்கள். தேருக்கு நாற்பது படம் அனுப்பினால் யார்தான் தள்ளாமல் பார்ப்பார்கள்? நிறத்தை ஏற்றும் ஃபில்டர்களைக் கொஞ்ச காலம் தொடாதீர்கள். ஓரத்தை வெட்டுவதும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக் குறைப்பதும் போதும்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே உள்ளே முயற்சி வேண்டாம். வெளியே, தெரியாதவர் என்றால் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பில் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் படத்தை வாட்ஸ்அப்பில் போடுமுன் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நன்றாக வந்த படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அவர்களிடமே ஒன்று கொடுங்கள். பெரிய செலவில்லை, அடுத்த முறை கேமராவோடு போகும்போது யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.