முன்கூட்டியே எழுதி வாங்கினால் தோப்பு பத்திரமா?

கேள்வி: வீட்டுக்கு நான் ஒரே பெண். ஊரில் உள்ள தென்னந்தோப்பையும் பொள்ளாச்சிப் பக்கம் உள்ள வீட்டையும் அப்பா எனக்கே எழுதிவைக்கப் போகிறார். நகையும் போடுகிறார்கள். மாப்பிள்ளை உடுமலைக்காரர், வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்துவிட்டார். இருந்தாலும், “சொத்தில் பங்கு கேட்கமாட்டேன், பிரிந்தால் ஜீவனாம்சமும் கேட்கமாட்டேன், கடைசிவரை இங்கேயே இருப்பேன் என்று கல்யாணத்துக்கு முன்பே முத்திரைத்தாளில் எழுதி வாங்கு” என்கிறார் மாமா. அது செல்லுமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: மாமாவின் கவலை நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் காகிதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், அங்கே திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதித் தருவதைப் பொதுநலனுக்கு எதிரானது என்று, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றங்கள் தள்ளிவிடும். வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பேன் என்ற வாக்குறுதியும் அப்படித்தான். 1901-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எது யாருடைய சொத்து என்று எழுதும் பகுதி மட்டும் பின்னாளில் சாட்சியமாக உதவலாம்.

ஆனால் தாலி கட்டியதாலேயே உங்கள் சொத்தில் கணவருக்குப் பங்கு வந்துவிடாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, உங்கள் பெயருக்கு வரும் சொத்து முழுக்க உங்களுடையது. எனவே கேரள எல்லைக்குள் இருக்கும் தோப்பை உங்கள் பெயருக்கு மட்டும் தான ஆதாரம் (தானப் பத்திரம்) எழுதி, அதன் எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். பிறகு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, கரம் (நிலவரி) ரசீதும் உங்கள் பெயரில் வர வேண்டும். பொள்ளாச்சி வீட்டுக்குத் தமிழ்நாட்டில் தனிப் பத்திரம். அப்பா தோப்பு வருமானத்தில்தான் வாழ்கிறார் என்றால், அவர் ஆயுள்வரை அதை அனுபவிக்கும் உரிமையையும் அந்த ஆதாரத்திலேயே எழுதிவிடுங்கள். பெற்றவரை வெறுங்கையோடு நிறுத்த வேண்டாம்.

நகைதான் அதிகம் சிக்கலாகும். கேரளத்தில் ஒரு பெண்ணுக்கு 2003-இல் கல்யாணம். பிறந்த வீட்டில் 89 பவுன் போட்டார்கள். பத்திரமாக வைப்பதாகச் சொல்லி முதலிரவிலேயே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்றும், அவர்களுடைய பழைய கடனுக்கு நகை போய்விட்டது என்றும் அந்தப் பெண் வழக்குப் போட்டார். குடும்ப நீதிமன்றத்தில் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் 25 லட்ச ரூபாய்க்கு உத்தரவு பெற்றபோது 2024 ஏப்ரல் ஆகியிருந்தது. சீதனம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து அல்ல என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் இருபது வருஷம் போய்விட்டதே!

வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கிற பரிசுப் பட்டியலை முகூர்த்த நாளிலேயே எழுதுங்கள். என்ன நகை, ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். கடை பில்லையும் படங்களையும் அதோடு வையுங்கள். லாக்கரை உங்கள் பெயரில் எடுங்கள்.

மாமா யோசிக்காத ஒன்றும் உண்டு. பிள்ளை இல்லாத நிலையில், உயிலும் எழுதாமல் நீங்கள் காலமானால், பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். அப்பா உயிரோடு இருக்கும்போதே தானமாகத் தந்தது அப்படித் திரும்பாது. கணவருக்கும், அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கும் போகும். மணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சொந்தச் சம்பாத்தியமே, உயில் இல்லாததால் கணவர் வழி உறவுக்குப் போனது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. எனக்கு அது ஆறாத வருத்தம்.

அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். இந்துக்களுக்குத் திருமணத்தால் உயில் ரத்தாவதில்லை. குழந்தை பிறந்த பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, என்றாலும் பதிந்துவிடுங்கள். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லியே செய்யுங்கள்.