நாயும் மலர்ச்செடியும்: ஓர் ஓவியப் பாடம்

வளர்ப்பு நாயைத் தோட்டத்தில் நிறுத்தி ஓவியம் தீட்ட விழைவோர், தூரிகையைத் தொடுமுன் செடிகளின் இயல்பை அறிதல் வேண்டும். நான் இதைப் பிழை செய்தே கற்றேன்.

விடுதிக்கு அருகில் வாழும் ஆசிரியர் ஒருவரின் வெள்ளை நாயை நீர்வண்ணத்தில் வரைந்தேன். பின்புறம் சிவந்த அரளியையும், விசிறிபோல் விரிந்த சைகஸையும் அமைத்தேன். படத்தைக் கண்ட அவருடைய சிறுமகள், "அப்பா, இதே செடிகளை நம் வீட்டிலும் நடுவோம்!" என்றாள். என் நெஞ்சு துணுக்குற்றது. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. தின்ற நாயின் இதயத்தைத் தாக்கும். சைகஸின் விதையோ ஈரலைக் கெடுக்கும்.

அன்றிரவே வேறு படம் தொடங்கினேன். மல்லிகை, ரோஜா, ஜின்னியா ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சற்றவை. ரோஜா முள்ளுடையதாதலின் அதைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

முறை இதுதான்: பென்சிலால் உருவை மெல்லக் கோடிடுக. வெள்ளை நாய்க்கு வெள்ளை வண்ணம் வேண்டா. தாளின் வெண்மையே போதும். மல்லிகைப் பூவுக்கும் அவ்வாறே. சுற்றிலும் இலையின் கரும்பச்சையைத் தீட்டினால் நாயின் உருவம் தானே எழும். வயிற்றடி நிழலுக்கு நீர் மிகுந்த நீலம் இடுக. கண்ணின் ஒளிப்புள்ளியை வெறுமையாக விடுக.

புதிய படம் இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது; கீழே முற்றத்தில் மல்லிகை தளிர்த்திருக்கிறது. நாம் தீட்டுவதைப் பார்த்து நடுகின்ற கைகளும் உண்டு என்பதை மறவாதிருப்போம்.