ரயில்வேயும் குடும்பங்களின் சிறு சாமான்களும்

கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் பட்டணத்துக்குக் குடிபெயர்கிறது. கட்டில் ஒன்று, பித்தளை அண்டா ஒன்று, துணி மூட்டை, பிள்ளைகளின் புஸ்தகப் பெட்டி ஆகிய இவையே அதன் உடைமை. வேறொரு வீட்டாருக்கு, வெளியூரில் படிக்கும் மகனுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவு சொற்பச் சாமானுக்கு ஒரு லாரியை அமர்த்துவது கட்டுப்படியாகாது. கையில் தூக்கிச் செல்வதும் இயலாது. பக்கத்து ஸ்டேஷன் வழியாகவோ நாள்தோறும் ரயில் போய்க்கொண்டிருக்கிறது. இத்தகைய சிறு சரக்கைத் தனி மனிதரிடமிருந்து ஏற்றுக்கொள்வது ரயில்வேயின் கடமையா? அல்லது நிலக்கரி, சிமெண்டு, தானியம் முதலியவற்றை வண்டி வண்டியாக ஏற்றிச் செல்வதோடு அது நின்றுவிடலாமா? கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் ஆராய வேண்டிய விஷயம் இது.

இரு கட்சியாரின் வாதம்

சிறு சரக்கை ஏற்கவே வேண்டும் என்போர், ரயில் பாதைகள் பொதுஜனங்களின் உதவியால் உண்டானவை என்பதை எடுத்துக் காட்டுவர். இந்தியாவில் ஆரம்பகாலத்து ரயில்வேக் கம்பெனிகளின் மூலதனத்துக்கு ஸர்க்கார் நூற்றுக்கு 5 வீதம் வட்டிக்கு உறுதி கூறிற்று. அவ்வுறுதியின் பாரம் வரி செலுத்திய குடிகள்மேல் விழுந்தது. மேலும், சரக்கு அனுப்புவோரில் ஒருவருக்குத் தகாத சலுகை காட்டலாகாது என்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்திலும் காணப்படும் விதியாகும். ஆயிரம் மூட்டை அனுப்பும் வியாபாரிக்குத் திறக்கும் கதவு, ஒரு மூட்டை அனுப்பும் ஏழைக்கு ஏன் அடைபட வேண்டும் என்று இவர்கள் கேட்கின்றனர்.

எதிர்க்கட்சியார் நஷ்டத்தைச் சொல்வர். சிறு சரக்கினால் வரும் வருமானம் அதற்காகும் செலவுக்குக் காணாது. அக்குறையைப் பிரயாணிகளும், தானியம் அனுப்பும் விவசாயிகளும் உயர்ந்த கட்டணமாகக் கொடுக்க நேரிடும். ஒருவருக்கு உதவி செய்யப் பலர் தலையில் சுமை ஏற்றுவது நியாயமாகுமா என்பது இவர்கள் கேள்வி. இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆகவே செலவு எவ்விடத்தில் உண்டாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செலவு உண்டாகும் இடம்

ரயிலில் ஒரு மூட்டையை நூறு மைல் இழுத்துச் செல்ல ஆகும் செலவு மிகவும் அற்பம். வண்டி எப்படியும் போகிறது. அதில் ஒரு மூட்டை கூடுவதால் இஞ்சினுக்குப் பாரம் தெரிவதில்லை. செலவெல்லாம் வண்டி நிற்கும் இடங்களிலேதான் உண்டாகிறது. மூட்டையை நிறுக்க வேண்டும், அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும், ரசீது எழுத வேண்டும், ஏற்ற வேண்டும், சந்திப்பு ஸ்டேஷனில் இறக்கி வேறு வண்டியில் மாற்ற வேண்டும், சேரிடத்தில் இறக்கி, உரியவர் வரும்வரை காத்து, கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். காணாமற் போனால் தேட வேண்டும்.

நிலக்கரி நிறைந்த ஒரு வாகனுக்கு இவ்வேலைகள் ஒரே தடவை நடக்கின்றன. அதே எடையுள்ள சிறு மூட்டைகளுக்கோ, எத்தனை மூட்டைகளோ அத்தனை தடவை நடக்கின்றன. இருபது வீட்டார் தனித்தனியே இருபது மூட்டைகளைக் கொண்டுவந்தால், ரசீது இருபது, கணக்குப் பதிவு இருபது. அம்மூட்டைகளை ஓர் ஊருக்கு ஒரு பெயருக்கு ஒரே சரக்காகச் சேர்த்துக் கொடுத்தால் ரசீது ஒன்று, பதிவும் ஒன்று. மூட்டையின் எடை மாறவில்லை, தூரமும் மாறவில்லை, வேலை மட்டும் குறைந்துவிட்டது. சிறு சரக்கைச் சேர்ப்பவர் யார், பிரித்துக் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளில்தான் இவ்விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் அனுபவம்

இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரம் நல்ல சான்றாகும். 1839-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்ண்டன் என்பவர் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பிறருடைய சிறு பொட்டலங்களை ஒரு பையில் வைத்துக்கொண்டு ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் பிரயாணம் செய்து ஒப்படைக்கும் தொழிலைத் தொடங்கினார். இத்தொழிலே வளர்ந்து, ஆடம்ஸ், அமெரிக்கன், வெல்ஸ் பார்கோ முதலிய பெரிய எக்ஸ்பிரஸ் கம்பெனிகளாயிற்று. இக்கம்பெனிகள் பிரயாணி வண்டிகளில் இடம் பெற்றுக்கொண்டு, நகரங்களில் தங்கள் வண்டிகளைக் கொண்டு பொட்டலங்களைச் சேர்த்தும் விநியோகித்தும் வந்தன. ரயில்வே இழுத்துச் சென்றது. சேர்க்கும் வேலையைக் கம்பெனிகள் செய்தன.

நகரவாசிகளுக்கு இவ்வேற்பாடு சௌகரியமாக இருந்தது. நாட்டுப்புறத்தாருக்கோ கட்டணமும் மிகுதி. பண்ணை வாசலுக்குச் சாமான் வருவதுமில்லை. தபாலிலோ 4 ராத்தலுக்கு மேற்பட்ட பொட்டலத்தை உள்நாட்டில் அனுப்ப இடமில்லை. வெளிநாடுகளிலிருந்து உடன்படிக்கையின்படி 11 ராத்தல் வரை பொட்டலங்கள் வந்துகொண்டிருக்க, பக்கத்து ஊருக்கு அவ்வளவு அனுப்ப முடியாதிருந்தது விந்தையே. விவசாயிகள் நெடுங்காலம் கிளர்ச்சி செய்ததன் பலனாக 1912-இல் சட்டம் பிறந்தது. 1913 ஜனவரி 1-ஆம் தேதி பார்சல் தபால் ஆரம்பமாயிற்று. முதலில் 11 ராத்தல் என்றிருந்த வரம்பு விரைவில் உயர்த்தப்பட்டது. 1896 முதலே கிராம வீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோன தபால்காரர்கள் இப்போது பார்சலையும் கொண்டுபோயினர். 1914-இல் பண்ணையிலிருந்து முட்டையும் வெண்ணெயும் நேரே நகர வீடுகளுக்குத் தபாலில் செல்லவும் தபால் இலாகா முயற்சி எடுத்தது. இப்பார்சல்களையும் தூர இடங்களுக்குக் கொண்டுசென்றது பெரும்பாலும் ரயிலே என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் உலக யுத்தத்தின்போது, 1918-இல், பெரிய எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டன. 1929-இல் ரயில்வேக் கம்பெனிகளே அந்த ஸ்தாபனத்தை ஏற்று, ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்ஸி என்னும் பெயரால் நடத்தின. ஆனால் அதன் சாமான்கள் பிரயாணி வண்டிகளையே நம்பியிருந்தன. மோட்டாரும் விமானமும் பெருகிப் பிரயாணி வண்டிகள் குறையக் குறைய, அதன் கால்கள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. 1975-இல் அந்த ஸ்தாபனம் முறிந்தது. 1971 முதல் பிரயாணி வண்டிகளை நடத்திவரும் ஆம்டிராக் என்னும் ஸ்தாபனம், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சிறு சாமான்களைக் கொண்டுசெல்லும் வழக்கத்தை வைத்திருந்து, 2020-இல் அதையும் நிறுத்தியது. அதில் அனுப்புவோர் தாமே ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும். பெறுவோர் தாமே வந்து எடுத்துச் செல்ல வேண்டும்.

ஜப்பானிலும் இதே பாடம் கிடைக்கிறது. 1976-இல் ஒரு தனியார் கம்பெனி வீட்டு வாசலில் பெற்று வீட்டு வாசலில் கொடுக்கும் சேவையைத் தொடங்கிற்று. அதுவரை ஸ்டேஷனுக்குச் சாமானைச் சுமந்து சென்றவர்கள் அப்பக்கம் திரும்பினர். பத்தாண்டுகளுக்குப் பின், 1986-இல், அந்நாட்டு தேசிய ரயில்வே சிறு பார்சல் வேலையையே கைவிட்டது.

இந்தியாவில் உள்ள நிலைமை

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. வாகன் நிரம்பாத சில்லறைச் சரக்கைக் கூட்ஸ் வண்டியில் ஏற்கும் பழைய வழக்கம் மறைந்துவிட்டது. எனினும் பிரயாணி வண்டிகளோடு இணைந்த பார்சல் பெட்டிகளில் வீட்டுச் சாமானும் மோட்டார் சைக்கிளும் இன்றும் செல்கின்றன. அப்பெட்டிகளின் இடத்தைக் குத்தகைதாரருக்கு விடுவதும் உண்டு. அவர்கள் பலருடைய சாமான்களைச் சேர்த்து அனுப்புகின்றனர்.

2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியிலிருந்து பீகாரிலுள்ள தானாப்பூருக்கு முதல் கிஸான் ரயில் புறப்பட்டது. குறைந்தபட்ச எடை என்ற நிபந்தனை அதில் இருக்கவில்லை. வழி ஸ்டேஷன்களில் பல விவசாயிகள் பலவகை விளைபொருள்களைச் சிறுகச் சிறுக ஏற்ற முடிந்தது. 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தபால் இலாகாவையும் ரயில்வேயையும் பார்சல் விஷயத்தில் இணைப்பதாக அறிவிக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையும், ஸ்டேஷனிலிருந்து வீடு வரையும் தபால்காரர். நடுவே ரயில் என்பது அதன் கருத்து.

முடிவு

மேற்கூறியவற்றால், சிறு சரக்கை ரயில்வே ஏற்றிச் செல்லத்தான் வேண்டும் என்பது தெளிவாகிறது. லாரிக்காரர் லாபமுள்ள வழியில் லாபமுள்ள சரக்கையே நாடுவர். கட்டிலும் அண்டாவும் பாரத்தில் மிகுந்து விலையில் குறைந்தவை. அவற்றை ரயில்வேயும் மறுத்துவிட்டால், ஏழைக் குடும்பம் ஊர் மாறும்போது பாத்திர பண்டங்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆயினும் வீடு வீடாகச் சேர்ப்பதும் கொடுப்பதும் ரயில்வே சிக்கனமாகச் செய்யக்கூடிய வேலையன்று. பிரயாணி வண்டிகளில் சாமானுக்கு இடம் வைப்பது, கட்டணத்தை எல்லாரும் அறிய வெளியிடுவது, பொருளுக்குப் பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் ரயில்வேயின் பங்கு. சேர்ப்பதும் பிரிப்பதும் தபால் இலாகாவும் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்கத்தக்க பங்கு.

கிராமச் சங்கத்தில் தராசு இருக்கிறது; கிடங்கு இருக்கிறது; கணக்கெழுதத் தெரிந்தவர் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒரே பட்டணத்துக்குப் போகும் மூட்டைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் ஸ்டேஷனுக்கு அனுப்புவது பெரிய காரியமன்று. கஷ்டம் மறுமுனையிலேயே உள்ளது. பட்டணத்தில் அச்சரக்கை எடுத்துப் பிரித்துக் கொடுக்க ஒருவர் இல்லாவிடில் சேர்த்ததெல்லாம் வீண். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைப் போன்ற நகர ஸ்தாபனங்கள் இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால்தான் இம்முயற்சி பயன்படும். கிராமச் சங்கம் தன் பங்கைத் தொடங்கும் முன்னர் நகரச் சங்கத்தோடு எழுத்து மூலமாக ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டிய விதிகள்

1. சாமானைக் கொடுத்தவுடன் ரயில்வே ரசீதைப் பெற்று, அதில் எண்ணிக்கையும் எடையும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

2. விலையுயர்ந்த பொருளானால் அதன் மதிப்பை எழுத்தில் தெரிவித்து, அதற்குரிய அதிகக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் நஷ்டஈடு எடையைப் பொறுத்த ஒரு வரம்புக்குள் அடங்கிவிடும்.

3. சாமான் சேரிடம் வந்தபின் ரயில்வேயின் பொறுப்பு 7 நாள் அளவே. சொந்தக்காரர் பொறுப்பு என்னும் குறைந்த கட்டணத்தில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பும் குறுகும்.

4. பொருள் காணாமற் போனாலோ சேதமுற்றாலோ, ஒப்படைத்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் உரிமை கோர வேண்டும். தவறினால் நியாயமான கோரிக்கையும் பலிக்காது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நமது கிராமத்திலிருந்து சென்ற ஓராண்டில் எத்தனை குடும்பங்கள் வெளியூருக்குச் சாமான் அனுப்பின? எவ்வழியாக, என்ன செலவில் அனுப்பின?

2. பக்கத்து ஸ்டேஷனில் பார்சல் ஏற்கப்படுகிறதா? எந்த வண்டியில், எந்த நேரத்தில்?

3. மூட்டைகளைச் சேர்க்க ஏற்ற நாள் எது? வண்டிக்கூலியை அங்கத்தினர் எம்முறையில் பகிர்ந்துகொள்வது?

4. சங்கத்தின் கையில் இருக்கும்போது ஒரு மூட்டை சேதமுற்றால் பொறுப்பு யாருடையது? இதற்கு விடை காணாமல் முதல் மூட்டையைப் பெறலாகாது.