நிலுவைக் கடிதத்தில் குத்தல் எதற்கு?

மேட்டுப்பாளையம் மொத்தக் கடைகளிலிருந்து குன்னூர், கோத்தகிரி மளிகைக் கடைகளுக்கு நிலுவை கேட்டு இப்போது மின்னஞ்சலிலும் கடிதம் வருகிறது. "தங்களுக்கு வேலை அதிகம் போலும், மீண்டும் அன்புடன் நினைவூட்டுகிறோம்." வார்த்தையில் மரியாதை, உள்ளே ஊசி! நேரில் சொன்னால் சிரிப்போடு போய்விடும். எழுத்தில் சிரிப்பு தெரியாது.

எஸ்டேட்டில் சம்பளம் போட்ட பிறகுதான் நம் கடைகளில் கடன் வசூலாகிறது. இதை அறிந்தவரே குத்திக் காட்டினால், கடைக்காரர் அடுத்த சரக்கை வேறு கடையில் எடுப்பார். பழைய பாக்கி அப்படியே நிற்கும்.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுகளே உண்டு. அதற்குள் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே மொத்த வியாபாரிக்கு வேண்டியது பதில்தான். பில் எண், தேதி, நிலுவைத் தொகை ஆகியவற்றை எழுதி, "கணக்குச் சரியானால் கையொப்பமிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்ப இயலும் எனத் தெரிவிக்கவும்" என்று கேட்டால் போதும்.

சில்லறை வியாபாரிகளும் கவனிக்க வேண்டும். "உங்கள் பாக்கி எங்கும் ஓடிவிடாது, இப்போது தர முடியாது" என்று சூடாக எழுதிக் கையொப்பமிட்டால், அதுவும் ஒப்புதலாகலாம். தர மறுத்திருப்பது தடையாகாது. பருப்பு மூட்டையில் எடை குறைந்திருந்தால் அதைச் சரக்கு இறங்கிய அன்றே, பில் எண்ணுடன் தனியாக எழுதி அனுப்புங்கள்.