சாக்குத் தக்காளியில் அடி கறுத்தால்...

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், பழைய அரிசிச் சாக்கில் நாமும் நாற்று நட்டோம். காய் பிடித்தது, ஆனால் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. சத்து இல்லையென்று யூரியா போட்டோம். இலைதான் தழைத்தது, அழுகல் கூடிப்போச்சு!

இது பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. தினமும் காலையில் அளவாக ஊற்றுங்க. வெயில் காலத்தில் சாயங்காலமும் மண்ணைத் தொட்டுப் பாருங்க. முட்டை ஓடு போடலாம்தான், மட்க மாசக்கணக்காகும்.

சாக்கு மண்ணில் சத்து தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதனால் 15 நாளைக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம் போட்டு, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா வடிகட்டித் தெளிங்க. கறுத்த காயைக் கிள்ளிடுங்க, அடுத்த கொத்துக்காவது சத்து போகட்டும்.