ஒரே தீவில் இரு வெள்ளைக்கண்ணிகள்

எழுவைதீவு இறங்குதுறையில் ஒரே சாயலில் இரு பிள்ளைகள் நின்றால், அக்காவும் தங்கையும் என்றே நினைப்போம். விசாரித்தால் ஒருத்தியின் குடும்பம் பல தலைமுறைகளுக்கு முன் படகேறி வந்தது. மற்றவளின் குடும்பம் பின்னர் வந்தது என்று தெரியவரலாம். இலங்கையின் இரு சிறு குருவிகளின் கதையும் இத்தகையதே.

வெள்ளைக்கண்ணி ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமான பறவை. பச்சை முதுகும் மஞ்சள் தொண்டையும் கொண்டது. கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையமே அதற்குப் பெயரைத் தந்தது. நம் நாட்டில் இதில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று, இந்தியாவிலும் வாழும் இந்திய வெள்ளைக்கண்ணி. மற்றது இலங்கை வெள்ளைக்கண்ணி. இது சற்றுப் பெரியது, முதுகு கடும்பச்சை. பெரும்பாலும் மலைநாட்டில் வாழும் இப்பறவை உலகில் வேறெங்கும் இல்லை. ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் 1872இல் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார்.

இவை இரண்டும் எவ்வாறு உருவாகின? தாழ்நிலப் பறவைகளில் ஒரு பகுதி மலையேறி, காலப்போக்கில் வேறுபட்டிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. தலைமுறை தலைமுறையாக டி.என்.ஏ.யில் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. இரு இனங்களுக்கிடையே வேறுபாடு கூடக்கூட, அவை பிரிந்த காலமும் பழையதாகிறது. இவ்வாறு ஒப்பிட்டபோது, நம் இரு பறவைகளும் உடன்பிறப்புகள் அல்ல என்பது புலனாயிற்று. அவற்றின் முன்னோர் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே இத்தீவுக்கு வந்தவர்கள். அதிலும், ஆபிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை பரவியுள்ள இச்சாதியில், மிக முன்னரே பிரிந்த கிளைகளில் ஒன்று நம் மலைநாட்டுக் குருவி.

கிழக்கு ஆபிரிக்காவிலும் இதே குழப்பம் நேர்ந்தது. கென்யா, தான்சானியா மலைக்காடுகளின் வெள்ளைக்கண்ணிகள் நெடுங்காலம் ஒரே இனமாக எண்ணப்பட்டன. மலைக்கு மலை அவை ஒத்திருந்தாலும், அவை அனைத்தும் ஒரே கிளையில் வந்தவை அல்ல என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கென்யாவின் தைத்தா மலைப் பறவை இப்போது தனி இனமாகக் கணக்கிடப்படுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பரவலாகக் காணப்படும் ஒரு பறவையின் வகையென்று எழுதிவிட்டால், ஒரு மலைக்காடு அழியும்போது அங்கு மட்டுமே வாழ்ந்த பறவை மறைவதை எவரும் கவனியார். தனி இனமென்று பதிந்தால்தான் அதன் தொகையை எண்ணவும் அதன் காட்டைக் காக்கவும் வழி பிறக்கும்.

மாணவிகளே, நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போது மரக்கிளைகளையும் சற்றுப் பாருங்கள். பெற்றோரும் உடன் நின்று பார்க்கலாம். வெள்ளை வளையம் தெரிந்ததும் திரும்பிவிடாமல், முதுகின் பச்சை எத்தகையது என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.