நூறு ரூபாய் பெட்ரோல் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பைக் முள்ளை நம்பாம கணக்குப் போடுறது எப்படி?



மாசம் 25ஆம் தேதியைத் தாண்டிட்டா பங்க்ல நம்மள்ல பாதி பேர் சொல்ற வார்த்தை ஒண்ணுதான்: "அண்ணே, நூறுக்குப் போடுங்க." அந்த நூறு ரூபாய் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு கேட்டா பதில் வராது. முள் கொஞ்சம் ஏறினா போதும், கிளம்பிடுவோம்.

எஸ்.ஐ.பி., ஆர்.டி.ன்னு பேசுற இடத்துல பெட்ரோல் முள்ளுக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. காடாம்புலியூர்ல வீடு, கடலூர்ல வேலைன்னு ஒருத்தரை எடுத்துக்குவோம். பண்ருட்டி வழியா போக வர ஒரு நாளைக்கு 70 கி.மீ.ன்னு வச்சுக்கலாம். மாசம் 25 நாள், ஆக 1,750 கி.மீ. வண்டி லிட்டருக்கு 60 தருதுன்னு அவர் நம்புறார். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு கணக்குக்கு வச்சா மாசச் செலவு 2,917 ரூபாய். உண்மையில 50தான் தருதுன்னா 3,500 ரூபாய். வித்தியாசம் மாசம் 583, வருஷத்துக்கு 7,000. பர்ஸ்ல இருந்து எங்க போச்சுன்னே தெரியாம போற காசு இது.

அதே தப்பான எண்தான் நடுரோட்டுலயும் நிறுத்தும். டேங்க்ல 2 லிட்டர் இருக்கு, 120 கி.மீ. போகலாம்னு அவர் நினைப்பார். வண்டி 100லயே நின்னுடும். மிச்சம் 20 கி.மீ. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துல யாரைக் கூப்பிடுறது? பாட்டில்ல வாங்கிக்கலாம்னு போனா, பல பங்க்ல தரவும் மாட்டாங்க.

முள் ஏன் ஏமாத்துது? டேங்க் உள்ள ஒரு மிதவை இருக்கு. பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க அதுவும் இறங்கும், அதைத்தான் முள் காட்டுது. ஆனா பைக் டேங்க் நேரான டப்பா இல்ல. நடுவுல சட்டத்துக்கு இடம் விட்டு வளைஞ்சிருக்கும். அதனால முள் பாதிக்கு வந்தா பெட்ரோலும் பாதி இருக்கும்னு சொல்ல முடியாது. சைடு ஸ்டாண்டுல சாய்ஞ்சு நின்னா ஒரு அளவு, மேட்டுல ஏறினா இன்னொரு அளவு. பார்க்கணும்னா சமதளத்துல சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாருங்க. அப்பவும் அதை ஒரு தோராயமா மட்டும் எடுத்துக்குங்க.

நம்பக்கூடிய வழி, ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க். கழுத்துப் பகுதிக்குக் கீழ வரைக்கும் நிரப்புங்க, வழிய வழிய வேண்டாம். ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்குங்க. அது இல்லாத வண்டின்னா ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. வழக்கம்போல ஆபீஸ் போய் வாங்க. 250, 300 கி.மீ. ஆனதும் அதே பங்க்ல, அதே மட்டத்துக்குத் திரும்ப நிரப்பி பில் வாங்குங்க. பில்லுல ரூபாயை விடுங்க, லிட்டரைப் பாருங்க. 286 கி.மீ. ஓடி 5.2 லிட்டர் பிடிச்சா, உங்க மைலேஜ் 55.

இதை மூணு தடவை செய்யுங்க. மூணு எண் வரும். மாச பட்ஜெட்டுக்கு சராசரியை எடுங்க. எவ்வளவு தூரம் போகும்னு பார்க்க மட்டும் மூணுல குறைஞ்சதை எடுங்க. பட்ஜெட்ல 50 ரூபாய் முன்னப் பின்ன ஆனா சமாளிக்கலாம், ரோட்டுல 5 கி.மீ. பத்தலைன்னா தள்ளணும்.

கம்பெனி சொல்ற மைலேஜை நான் கணக்குல சேர்க்கவே மாட்டேன். நம்ம ரோடு வேற. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுத்தப்போ மாற்றுப்பாதை, புழுதி, செகண்ட் கியர்னு ஓட்டினவங்களுக்கு இது தெரியும். பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்ல, 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க. எத்தனால்ல லிட்டருக்கு ஆற்றல் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைவு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பார்த்த மைலேஜை இன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.

சரி, ஃபுல் டேங்க் போட கையில காசு இல்லன்னா? அளக்கிற சமயத்துக்கு மட்டும்தான் ஃபுல் டேங்க் தேவை, அதை சம்பளம் வந்த வாரம் செஞ்சுக்கலாம். அதுக்கப்புறம் பேங்க் பேலன்ஸ் மாதிரி நடத்துங்க. ஸ்பிளெண்டர் பிளஸ் டேங்க் 9.8 லிட்டர். அதுல ஒன்றரை லிட்டரை மினிமம் பேலன்ஸா ஒதுக்கினா மிச்சம் 8.3. லிட்டருக்கு 55ன்னா சுமார் 450 கி.மீ. தினமும் 70 கழிங்க. நடுவுல 200 ரூபாய்க்குப் போட்டா 110 கூட்டுங்க. போன் நோட்ஸ்ல ஒரு வரி போதும். (110 ரூபாய், 210 ரூபாய்னு போட்டா அளவு சரியா வரும்ங்கிறது சும்மா. சந்தேகம்னா பங்க்ல 5 லிட்டர் அளவுக் குவளை வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க.)

ரிசர்வ்ங்கிறது தனி டேங்க் இல்ல. பழைய கார்புரேட்டர் வண்டியில ரெண்டு குழாய், உயரமானது காத்து வாங்கினா தாழ்வான குழாய்க்குத் திருப்புறோம், அவ்வளவுதான். பெட்ரோல் போட்டதும் திரும்ப 'ஆன்'ல வைக்க மறந்தா அடுத்த தடவை எச்சரிக்கையே கிடைக்காது. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குல ஃபியூயல் இன்ஜெக்ஷன். திருப்ப ரிசர்வ் குழாய் கிடையாது, முள்ளோ விளக்கோதான் எச்சரிக்கை. பம்ப் டேங்க் உள்ளேயே இருக்கும், அது சூடாகாம காக்கிறதும் பெட்ரோல்தான். அடிக்கடி வறள விட்டா பம்ப் போகும். அதை மாத்துற செலவு நீங்க தள்ளிப்போட்ட நூறு ரூபாயை விடப் பல மடங்கு.

இலங்கையில 2022 நெருக்கடியில இந்தக் கணக்கு எல்லாருக்கும் கட்டாயமாச்சு. ஜூலையில வந்த கியூ.ஆர். அட்டை முறையில மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர்தான். லிட்டருக்கு 45 தர்ற வண்டிக்கு வாரத்துக்கு 180 கி.மீ. வேலை, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்குள்ள.

நம்ம மாவட்டத்துக்கும் இது புதுசு இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல முந்திரியும் பலாவும் சாய்ஞ்சதோட கரண்டும் நாள்கணக்குல போச்சு. கரண்டோ ஜெனரேட்டரோ இல்லாம பங்க்ல பம்ப் ஓடாது. அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் உங்க மினிமம் பேலன்ஸை ஒன்றரையில இருந்து 4 லிட்டரா மாத்தி எழுதிக்குங்க.